ராசம்மாவின் அதட்டல்

"ஏய் வீரய்யா! அங்க என்ன வேடிக்கை? பைய எறக்கு!"

தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த ஆரூரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கத்தியவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. இரண்டு பைகளோடு மேடேறி வந்த வீரய்யா அவருடைய புருஷன். இருவர் தலையிலும் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி.

"புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறா. கேட்டீரே?" என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தான்.

நிரூபாவுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குதிக்காலை ஊதிக்கொண்டிருந்தாள்.

இருவரும் யாழ்ப்பாணத்தில் ஆசிரியர்கள். கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து வந்த முதல் பயணம் இது. மலையகத்தில் தேயிலைத் தோட்டம் தோட்டமாக நாள்கணக்கில் நடக்கும் பாதை. எந்த வளைவில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பதுவரை ஆரூரன் போனில் போட்டு வைத்திருந்தான். பள்ளிக்கூட நேரசூசி தோற்றுவிடும்.

"குதிக்கால் கொப்பளிச்சிட்டுது. இன்னும் கொஞ்ச நேரம் இருப்பமே?"

"பொழுதுபட முந்தி லிந்துலைக்குப் போகோணும். தேத்தண்ணி முடிய எழும்பும்."

காலையிலிருந்து அவன் அவளிடம் அதிகம் சொன்ன சொல் அந்த 'எழும்பும்' தான்.

இதற்குள் எதிர் வாங்கில் நாடகம் சூடு பிடித்துவிட்டது.

"மரம் மாதிரி நிக்கிறதப் பாரு! ஒக்காருய்யா!"

வீரய்யா உட்கார்ந்தார்.

"சப்பாத்தக் கழட்டு!"

கழற்றினார்.

"தேத்தண்ணி ஆறுது. குடி!"

"நீயும் குடி, ராசம்மா."

"எதுத்துப் பேசாத! மொதல்ல நீ! அந்த வடைய யாரு திங்கிறது? நான் வந்து ஊட்டணுமா?"

கையிலிருந்த கம்பால் ராசம்மா வாங்கை ஒரு தட்டுத் தட்டினார். வடை வீரய்யா வாய்க்குள் போயிற்று. அவர் தட்டியது தன்னைக் கூப்பிடத்தான் என்று நினைத்துக் கடைக்காரர் இன்னொரு வடையைக் கொண்டுவந்து வைத்தார்.

ஆரூரனுக்குப் பொறுக்கவில்லை. "பாவம், வாயில்லாப் பூச்சி. நான் ஒரு வார்த்தை கேக்கப் போறன்."

"சும்மா இருங்கோ. அவரைப் பாருங்கோ, சிரிக்கிறார்."

"பயத்தில சிரிக்கிறார்."

ராசம்மா போத்தலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனதும் ஆரூரன் எழுந்து போய்விட்டான்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. நாலு பேருக்கு முன்னால அம்மா உங்களை இப்பிடி அதட்டுறா. நீங்கள் ஏன் பொறுத்துக்கொண்டு இருக்கிறியள்?"

வீரய்யா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சட்டையில் சிந்தியது.

"எப்படித் தம்பி அதட்டுறா? அப்படியே என் தொண்டை!"

"உங்கட தொண்டையோ?"

"நான் தோட்டத்துல கங்காணியா இருந்தவன். கொழுந்து எடுக்கிற பொம்பளைங்கள வேலை வாங்கணும். காலையில ஆள் கூப்பிடுற பெரட்டுல இவளும் என் முன்னாலதான் வந்து நிப்பா. பொண்டாட்டிக்கு மட்டும் சலுகைன்னு யாரும் பேசிடக் கூடாதுல்ல? அதனால எல்லாரையும்விட இவளத்தான் அதிகமா வெரட்டுனேன். வயித்துப் புள்ளையோட மலை ஏறுனா. அப்பவும் வெரட்டுனேன்."

ஒரு கணம் சிரிப்பு நின்றது. பிறகு தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"ரெண்டு பேரும் வேலையில இருந்து நின்னதும், 'எங்கிருந்தோ எல்லாம் வந்து நம்ம மலைய நடந்து பாக்குறாங்க, நாமளும் ஒரு தடவ சும்மா நடப்போங்க'ன்னா. சரி, ஆனா இந்த நடை முடியிற வரைக்கும் நீதான் கங்காணி, நான்தான் ஒன் ஆளு, ஆசை தீர வெரட்டிக்கன்னு சொல்லிட்டேன்."

"அதுக்குத்தான் இப்ப பழி வாங்குறாவோ?"

"நானும் அப்படித்தான் நெனச்சுக் கெளம்புனேன், தம்பி." வீரய்யாவின் குரல் இறங்கியது. "சத்தம் எல்லாம் என்னோடதுதான். ஆனா என்ன சொல்றான்னு கேட்டீங்களா? ஒக்காருங்கிறா. குடிங்கிறா. திங்கச் சொல்றா. அந்த மலையில நான் அவகிட்ட ஒரு நாளும் சொல்லாதது அதெல்லாம்."

ஆரூரன் திரும்பி நிரூபாவின் குதிக்காலைப் பார்த்தான்.

"ஏய் வீரய்யா! அங்க என்ன பேச்சு?" குழாயடியிலிருந்து வந்துவிட்டார் ராசம்மா. "கால நீட்டிக் கொஞ்ச நேரம் படு!"

"சரிங்க கங்காணி!"

வீரய்யா வாங்கில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். கடையே சிரித்தது. ராசம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஆரூரன் தன் இடத்துக்குத் திரும்பினான். போன் கிணுகிணுத்தது. புறப்படும் நேரம். நிரூபா ஒரு பெருமூச்சு விட்டுச் சப்பாத்தை எடுத்தாள்.

அவன் போனை அணைத்துப் பைக்குள் போட்டான். அவள் கையிலிருந்த சப்பாத்தை எடுத்து வாங்குக்கு அடியில் வைத்தான்.

"இரும்" என்றான் மெல்ல.

நிரூபா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"கேக்கேல்லை. அந்த அம்மா மாதிரி அதட்டிச் சொல்லுங்கோ!"