ஒன்பது வெற்றுப் பக்கங்கள்

“ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணியிருக்கலாமில்லீங்க…”

“கேட்டா வேண்டாம்பே, அதனாலதான்…”

“வேண்டாம்பேன்னு தெரிஞ்சேதான் பண்ணுனீங்களா?”

“முதல்ல முழுசாப் பாரு கலா. அப்பறம் சண்டைக்கு வா.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். உடுமலைப்பேட்டையில் அம்மா வீட்டுக்கு இரண்டு நாள் போய்த் திரும்புவதற்குள், அவளுடைய இணையதளத்தை அவன் அடையாளம் தெரியாமல் மாற்றியிருந்தான்.

கல்யாண நாள் பரிசாம்.

கணவன், மனைவி இருவருமே மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்கள். இந்தத் தளம் மட்டும் சம்பளத்துக்கு எழுதியதல்ல. பதினொரு வருடமாக ஒவ்வொரு பக்கத்தையும் அவள் தன் கையாலேயே அடித்து ஏற்றினாள். கோயம்புத்தூர்ச் சுவர் இடுக்குகளில், சாக்கடை ஓரங்களில் தானாக முளைக்கிற செடிகளின் படங்கள். கூடவே அன்றைக்குத் தோன்றிய ஓரிரு வரிகள்.

“இதென்னுங்க, இதயம்?”

“படிக்கறவங்களுக்குப் பிடிச்சா அழுத்துவாங்க.”

கீழாநெல்லிப் படத்துக்கு அடியில் சிவப்பாக ஓர் இதயம். பக்கத்தில் பூஜ்யம்.

எல்லாப் பக்கத்திலும் பூஜ்யம்.

“பதினொரு வருசமா ஒருத்தருக்கும் பிடிக்கலையாட்ட இருக்குது.”

“இப்பத்தான வச்சிருக்கறேன். போகப் போக ஏறும்.”

“எதுக்கு ஏறணும்?”

“நாலு பேரு படிக்க வேண்டாமா?”

“நாலு பேரு படிக்கறாங்க. அதுல ஒருத்தரு திண்டுக்கல்லுல இருந்து மெயிலெல்லாம் போடறாரு.”

“நல்லது பண்ணுனாலும் உனக்கு…”

அவள் கேட்கவில்லை. பக்கப் பட்டியலின் அடியில் இருந்த எண்ணிக்கைக்குப் போயிருந்தாள்.

முந்நூற்று மூன்று.

“முந்நூத்திப் பன்னெண்டு இருந்துச்சு.”

“எல்லாம் வந்திருச்சு. கையில பண்ணல, தானா மாத்தற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதித்தான் மாத்துனேன். ஒண்ணுகூட விடாது.”

“ஒம்பது விட்டிருக்குது.”

அவன் தன் மடிக்கணினியைத் திறந்து ஸ்கிரிப்ட் பதிந்துவைத்த குறிப்பைத் தேடினான். கண்டதும் சிரித்தான்.

“ஓ, அதுவா! வெத்துப் பக்கம். தேதி மட்டும் இருந்துச்சு, கீழ ஒரு எழுத்து கெடையாது. அப்படி இருந்தா தூக்கிருன்னு நாந்தான் எழுதி வச்சேன்.”

“அது வெத்தில்லீங்க.”

“ஒண்ணுமே இல்லையே கலா!”

அவள் பழைய தளத்தின் நகல் இருந்த பென் டிரைவைக் கைப்பையிலிருந்து எடுத்துத் தன் மடிக்கணினியில் செருகினாள்.

“என்ன பண்றே?”

“அழிக்கறேன்.”

“எதை? ஏய், ரெண்டு நாளா உக்காந்து…”

“நல்லாத்தான் இருக்குதுங்க உங்க பரிசு. வேற ஆருக்காச்சும் குடுங்க.”

இதயங்கள் போயின. உறுப்பினராகச் சொல்லிக் குறுக்கே வந்து நின்ற பெட்டி போனது.

வெள்ளைத் திரை. கறுப்பு எழுத்து. நீலத்தில் நீளப் பட்டியல்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

“வம்புக்குன்னே பண்றே நீ.”

“ஆமாங்க.”

பிறகு திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

“அந்த ஒம்பதுக்கு முந்தின பக்கம். படிங்க.”

“இப்ப எதுக்கு?”

“முந்நூத்திப் பன்னெண்டுல ஒண்ணாச்சும் படிங்களேன்.”

படித்தான்.

‘இன்றிலிருந்து எங்கள் குழுவுக்கு நான் பொறுப்பு. அலுவலக மதில் விரிசலில் மூக்கிரட்டை பூத்திருக்கிறது.’

ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. அப்போது அவனும் அதே குழுவில்தான் இருந்தான். அந்தப் பொறுப்பு தனக்குத்தான் என்று அவன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தான்.

அடுத்த பக்கம். மறுநாள் தேதி. கீழே வெள்ளை.

அடுத்தது. தேதி.

அடுத்தது.

ஒன்பதையும் தாண்டிய பிறகே எழுத்து வந்தது.

‘தயிர் இருக்கிறதா என்று அவர் வாய் திறந்து கேட்டார். இருக்கிறது என்றேன்.’

அவன் விரல் அங்கேயே நின்றது.

“இதையெல்லாம் ஊரே பாக்கற மாதிரியா போட்டே?”

“வெறும் தேதிதானுங்க. ஒண்ணுமே இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க.”

கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியில் துடைத்தான். மாட்டிக்கொண்டான். மறுபடி கழற்றினான்.

அவள் காத்திருந்தாள்.

பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். புதிய பக்கம் ஒன்றைத் திறந்தாள். இன்றைய தேதியை அடித்தாள்.

கீழே எதுவும் எழுதவில்லை.

“இன்னைக்காச்சும் பேசறீங்களா, இல்ல இப்படியே ஏத்திரட்டுங்களா?”