புதுசா ஆடுறவங்களுக்கு

"பாலத்தைத் தாண்டாதணா. தாண்டினா செத்துடுவ."

சுடலை தாண்டிவிட்டார்.

டிவிக்குள் நகம் அளவே இருந்த வீரன் இரண்டு அடி வைத்தான். ஒரு தேள் வந்தது. ஒரே கொட்டு. திரை கறுத்தது.

"செத்தா என்ன தம்பி, ராசா எழுப்பி விட்டுருதாருல்லா."

"இதுல எழுப்புவாரு," என்றான் வில்சன்.

மண்ணூரில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கென்று எடுத்த அறை அது. சுடலை இந்த வாரம்தான் வந்தார், திசையன்விளைப் பக்கத்திலிருந்து. நாற்பதை நெருங்குகிறவர். ஊரில் லோடு ஆட்டோ ஓட்டினவருக்கு இங்கே கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின். மதிய ஷிப்டுக்கு வேன் வரும்வரை சும்மா ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வில்சன்தான் ஆட அழைத்தான்.

டிவி கேம் அவனுடையது. பல்லாவரம் சந்தையில் பழைய சாமான் கடையில் வாங்கியது. சுடுவது, குதிப்பது எதுவும் இதில் கிடையாது. ஊர் ஊராகப் போய், கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பேசி, காட்டில் அடி வாங்கி, மெல்ல மெல்லத் தேற வேண்டும்.

அறையில் இதை முடித்தவன் வில்சன் ஒருவன்தான். இப்போது ஜாய்ஸ்டிக்கைத் தொடுவதில்லை. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே மிச்சம்.

வந்த அன்றே சுடலை கேட்டிருந்தார். "பைக் ஆக்சிடென்ட்ணா. ஒரகடம் சிக்னல்ல," என்று சொல்லியிருந்தான்.

பைக்கில் விழுந்தவனுக்கு யார் வேலை தருவார்கள்? கான்ட்ராக்டர் நல்ல மனுஷன், கம்பெனி கேட்டில் ராத்திரிக் காவலுக்கு உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கிறார் என்று சுடலை அன்றைக்கே வீட்டுக்காரிக்குப் போனில் சொன்னார்.

வீரன் மறுபடி ராஜா முன்னால் நின்றான்.

வில்சன் சுவரில் சாய்ந்தபடி சொல்லிக்கொண்டே வந்தான். கத்திக்கு ஆசைப்படாதே, முதலில் கேடயம் வாங்கு. பச்சிலை இல்லாமல் ஊரை விட்டுக் கிளம்பாதே. மதிலைச் சுற்றியே அடி, உடம்பு தேறட்டும்.

"எல்லார்கிட்டயும் பேசுணா. பேசினவன்கிட்டயே இன்னொரு தபா பேசு. மொத தபா எல்லாவனும் ஒரே டயலாக்தான் வுடுவான், ரெண்டாவது தபாதான் மேட்டர் வரும்."

"கிறுக்குப் பயலுவ ஊரா இருக்கும்போல."

சுடலைக்குப் பசித்தது. வேன் வருவதற்குள் சாப்பிட்டாக வேண்டும். மெஸ் பொட்டலத்தைப் பிரித்தார். சாம்பார்க் கவரில் சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் கையோடு வந்தது.

ஜாய்ஸ்டிக்கில் மேலே ஒரு பட்டன் உண்டு. பிடித்துக்கொண்டே இருந்தால் தானாக அடித்துக்கொண்டே இருக்கும்; யாராவது பேசினால் அடுத்த வரிக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ரப்பர் பேண்டை அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றினார். இடது கை வீரனை நடத்தியது. வலது கை சோற்றைப் பிசைந்தது.

வில்சன் சுவரை விட்டு நிமிர்ந்தான்.

"இத்த எங்க கத்துகினணா?"

"நேத்து சூப்பர்வைசர் காட்டித் தந்தாரு. பிரஸ்ல ரெண்டு பட்டன் இருக்குல்லா? ரெண்டு கையும் வச்சு அமுக்குனாத்தான் எறங்கும். அதுல ஒண்ண டேப்பு போட்டு அமுக்கி ஒட்டிட்டா, ஒரு கை போதும். மத்த கை உள்ள தகட வைக்கும். அப்பதான் டார்கெட்டு வருமாம். இன்னைக்கும் வரலன்னா என்னைய ஊருக்குப் பஸ் ஏத்திருவாவளாம்."

"எடுத்துடுணா."

"எத?"

வில்சன் வாசலைப் பார்த்தான். பிறகு டிவியைப் பார்த்தான்.

"ரப்பர் பேண்ட. அது பாக்காதுணா. எதிர்ல இன்னா கீதுன்னு பாக்காம அடிச்சிக்கினே இருக்கும்."

"சோத்த உண்டுட்டு எடுக்கேன்."

திரையில் வீரனின் உயிர் இறங்கிக்கொண்டிருந்தது. பச்சிலை பையில் இருந்தது. எடுத்துக் கொடுக்க ஒரு கை வேண்டும். அது சோற்றில் இருந்தது.

திரை கறுத்தது.

வெளியே வேன் ஹாரன் அடித்தது.

சுடலை கை கழுவி, ஷூவுக்குள் காலை நுழைத்தார். லேஸைக் கட்டக் குனிந்தவர் அப்படியே நின்றார். வில்சனின் மடியில் கிடந்த கை அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

"தம்பி, நீ சொன்ன மாதிரி இன்னொரு மட்டம் கேக்கேன். இது எப்படிப் போச்சு?"

வில்சன் வாயைத் திறந்தான்.

வாசலில் நிழல் விழுந்தது. வேன் ஓட்டுகிற ஜீவானந்தம், கான்ட்ராக்டரின் மச்சான். ஹாரன் அடித்தும் ஆள் வராததால் இறங்கி வந்திருந்தார். சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நிலையில் சாய்ந்தார்.

"பைக் ஆக்சிடென்ட்ணா," என்றான் வில்சன். "ஒரகடம் சிக்னல்ல."

அதே வார்த்தை. அதே இழுப்பு.

"பாவம்," என்று சுடலை அவன் தோளைத் தட்டிவிட்டுப் போய் ஏறிக்கொண்டார்.

வேன் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

வில்சன் ஜாய்ஸ்டிக்கை இடது கையால் தொடையில் அழுத்திப் பிடித்து, வலது கையில் இருக்கிற இரண்டு விரலால் ரப்பர் பேண்டைக் கழற்றப் பார்த்தான். வழுக்கிக்கொண்டே இருந்தது. பட்டன் அமுங்கியே கிடந்ததால், எழுப்பிவிட்ட ராஜா வீரனுக்குச் சொன்னதெல்லாம் ஒரு வரிகூடப் படிக்க முடியாமல் ஓடிப்போனது.

வில்சனுக்குப் பைக் ஓட்டத் தெரியாது.