நெளிசலா, ஓட்டையா

“அந்தக் கட்டு வெளியே போயிருக்கு. அதோ, அந்தம்மா படிச்சுக்கிட்டிருக்காங்க” என்றார் குடும்ப நீதிமன்றத்தின் ரெக்கார்டு ரூம் குமாஸ்தா.

பாத்திரக்கடைக்காரருக்குப் பகீரென்றது. ஜன்னலோர பெஞ்சில் ஒரு பெண், விவாகரத்து வழக்குக் கட்டை மடியில் விரித்து வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். நடுநடுவே சிரிப்பு வேறு.

மாப்பிள்ளை ஒருவன், பெண் வீடு இரண்டு. எந்தச் சந்தையிலும் இது வாங்குபவனுக்கு ஆகாத நிலைமை.

“எனக்கும் அதேதான் வேணும். அந்தப் பையனுக்கு எங்க பொண்ணைக் கேட்டிருக்காங்க. முதல் சம்சாரத்தோட ஏன் ஒத்துவரலைன்னு தெரிஞ்சுக்கணும்.”

“வழக்குல சம்பந்தப்படாதவங்க மனு எழுதிப் போடணும். ஜட்ஜ் அனுமதிச்சா பார்க்கலாம், நகலும் வாங்கலாம். அடுத்த வாரம் வாங்க.”

அடுத்த வாரத்துக்குள் அந்தம்மா கல்யாணத்தையே முடித்துவிடுவாளே. முன்கூட்டியே மனுப் போட்டு அனுமதி வாங்கியிருக்கிறாள், கெட்டிக்காரி என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டார்.

அவர் மகளுக்கு ஏற்கெனவே ஒரு நிச்சயம் முறிந்து, அந்தப் பெண் ஆறு மாதம் சிரிப்பதையே நிறுத்தியிருந்தாள். இந்த முறை தட்டிப் பார்க்காமல் எடுப்பதில்லை என்பது அவர் வைராக்கியம். விவாகரத்தானவன் என்பதில் ஆட்சேபம் இல்லை. கீழே விழுந்த நெளிசலா, அடியிலேயே ஓட்டையா, அதுதான் தெரிய வேண்டும். நெளிசலைத் தட்டிச் சரிசெய்துவிடலாம்.

பையனையோ இன்னும் கண்ணால் பார்த்தபாடில்லை. ‘அவனுக்கு நேரமே இல்லைங்க’ என்று அவன் அம்மாதான் எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தாள்.

பெஞ்சின் மறுமுனையில் போய் உட்கார்ந்தார். “பையன் விஷயமாத்தானே வந்திருக்கீங்க?”

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்களும் அவருக்காகவா அங்கிள்?”

“எங்க பொண்ணுக்குப் பேசிக்கிட்டிருக்கோம்.”

“ஓ.” கட்டைப் படக்கென்று மூடினாள். “வேண்டாம் அங்கிள். அந்த ஆள் சரிப்படமாட்டார்.”

“ஏம்மா?”

“குறட்டை விட்டா ஜன்னல் கண்ணாடி அதிரும். பழைய பேப்பர் ஒண்ணைத் தூக்கிப் போட விடமாட்டார், வீடே குடோன் மாதிரி ஆயிடும். கடைக்குப் போனா சொன்ன விலையைக் கொடுத்துட்டு, நன்றியும் சொல்லிட்டு வருவார்.”

கடைசிக் குறை பாத்திரக்கடைக்காரரைக் கொஞ்சம் அசைத்தது. இவன் மருமகனாக வருவதைவிட வாடிக்கையாளராக வந்தால் தேவலை.

“குடி, சீட்டு?”

“அதுக்கெல்லாம் ஒரு சாமர்த்தியம் வேணுமே.”

“கோபம் வந்தா கைநீட்டுவாரா?”

“வாயே நீளாது, கை எங்க நீளும்? உம்முனு உட்கார்ந்து வீட்டுல இருக்கற செருப்பையெல்லாம் தொடைப்பார். யார் மேல கோபமோ, அவங்க செருப்பைத்தான் முதல்ல.”

“இதுக்குப் போயா விவாகரத்து?”

“பேசித் தீர்க்க வேண்டியதைத் தொடைச்சே தீர்த்தா? அவருக்கும் வீம்பு, இவளுக்கும் வீம்பு. வக்கீலுங்களுக்கு வேற என்ன வேணும்?”

நெளிசல்தான், ஓட்டை இல்லை. பாத்திரக்கடைக்காரர் வராந்தாவுக்குப் போய் மனைவிக்குப் போன் போட்டார்.

“இங்க போட்டிக்கு ஒரு பொண்ணு வந்திருக்கு. பையனைக் கழுவிக் கழுவி ஊத்துது.”

“ஐயையோ. அப்ப வேண்டாங்க.”

“அடி போடி. நம்ம கடைக்கு வந்து குடத்தைத் திருப்பித் திருப்பிக் குறை சொல்றவங்க வாங்காமப் போயிருக்காங்களா? நல்லாருக்குன்னு சொல்றவன்தான் நழுவிடுவான். சாயங்காலமே பேசி முடிச்சுக்கலாம்னு அவங்க அம்மாகிட்ட சொல்லிடு.”

“பையன் மூஞ்சியைக்கூடப் பார்க்கலையேங்க.”

“பார்த்தவங்க சொல்றதைவிடத் தெளிவா இந்தப் பொண்ணு சொல்லிடுச்சு. நீ போனை வை.”

திரும்பி வந்தபோது, முத்திரை வைத்த தீர்ப்பு நகலை அவள் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தாள். இனி மறைப்பதில் லாபமில்லை என்று பட்டது.

“வெளிப்படையாவே சொல்லிடறேம்மா. எங்க வீட்டுல முடிவாயிடுச்சு. நீங்க யாருக்குப் பார்க்கறீங்க, தங்கச்சிக்கா?”

“எனக்குத்தான் அங்கிள். வர்ற வியாழக்கிழமை ரிஜிஸ்டர் பண்றோம். அவங்க அம்மாகிட்ட சொல்ல அவருக்கு இன்னும் தைரியம் வரல. உங்க பொண்ணுகிட்ட நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க.”

பாத்திரக்கடைக்காரருக்கு வியாபாரம் கைவிட்டுப் போன எரிச்சலைவிட, மகள் இன்னும் அவன் போட்டோவைக்கூடப் பார்க்கவில்லை என்ற ஆறுதல்தான் முதலில் வந்தது. பிறகு, யார் பெற்ற பெண்ணோ என்று ஒரு கரிசனம்.

“அவருக்கு இது ரெண்டாவதும்மா. யோசிச்சுக்கோ.”

“எனக்கும் ரெண்டாவதுதான்.”

“இவ்வளவு குறையையும் தெரிஞ்சுக்கிட்டே இந்த ஆளைக் கட்டிக்கறேங்கறியே. அப்ப உன் முதல் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவரா இருந்திருப்பார்?”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“இவ்வளவு நேரம் அவரைப் பத்தித்தானே அங்கிள் சொல்லிட்டிருந்தேன்.”