மடியில் ஏழு வயது

"முதல்ல அந்தப் படத்தைக் கழட்டு தாயி!"

செருப்பைக்கூட உதறாமல் உள்ளே வந்து நின்ற திருமலைச்சாமி மாமாவைப் பார்த்ததும் லாவண்யாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரட் மூட்டையை இறக்கிய கையோடு வேனை மலைக்குத் திருப்பியிருக்கிறார் மனுஷர். தோளில் மண்கூட அப்படியே இருந்தது.

"பத்து மணிக்குத் திறப்பு விழா மாமா. இப்ப வந்து கழட்டுன்னா?"

லாவண்யா மதுரையில் சர்வதேசச் சட்டம் நடத்துகிற லெக்சரர். ஒப்பந்தம், தீர்ப்பு என்று பக்கம் பக்கமாக எழுதினால் எவன் படிக்கிறான்? படமாக மாட்டினால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள். அதனால்தான் கொடைக்கானலில் ஒரு ஹாலைப் பிடித்து, 'எல்லைகளும் முகங்களும்' என்று புகைப்படக் கண்காட்சி.

ஒரு சுவரில் அகதி முகாம்கள். இன்னொரு சுவரில், காணாமல்போன பிள்ளைகளின் படத்தை ஏந்தி நீதிமன்ற வாசலில் நிற்கும் அம்மாக்கள். கடைசிச் சுவரில் கதவு உயரத்துக்கு ஒரே படம். அவளுடைய தாத்தா குடும்பத்தின் பாஸ்போர்ட் போட்டோ.

இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஜனங்களை உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்ட காலம். குடும்பத்துக்கே ஒரு பாஸ்போர்ட், அதில் எல்லோரும் சேர்ந்து நிற்கும் ஒரே போட்டோ. அப்படிக் கப்பலேறி வந்த குடும்பம்தான் அவர்களுடையது. மாமா வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்ததை, அத்தையைத் தாஜா பண்ணி வாங்கி வந்திருந்தாள்.

"என் மூஞ்சியப் பாரு புள்ள. மூக்கு ஒழுகிக்கிட்டு நிக்கிறேன். ஊரே சிரிக்குமா இல்லையா?"

"ஒம்பது வயசுல ஒழுகாம? சும்மா மழுப்பாதீங்க மாமா. நீங்க எதுக்குப் பயப்படுறீங்கன்னு எனக்குத் தெரியும்."

மாமாவின் முகம் சட்டென்று வெளுத்தது.

"பெரிசாக்கிப் பாத்தப்பதான் புரிஞ்சது," என்றாள் லாவண்யா. "பாட்டி மடியில அம்மா உக்காந்திருக்கு. விரல் சூப்புது. மூணு வயசுக்கு மேல ஒரு நாள் இருக்காது. பாஸ்போர்ட் பேப்பர்ல என்ன எழுதியிருக்கு? ராஜேஸ்வரி, வயது ஏழு!"

"எங்கப்பாவுக்கு எழுத்துத் தெரியாது தாயி. வாய் தவறிச் சொல்லியிருப்பாரு."

"மூணுக்கும் ஏழுக்குமா வாய் தவறும்? கைரேகை வெச்சு உறுதி குடுத்திருக்காரு. ரேஷன் கூடுதலாக் கிடைக்கும்னு நெனச்சாரோ என்னவோ! அந்தப் பொய்யால அம்மாவுக்கு என்ன ஆச்சு பாருங்க. அங்கன்வாடி வேலையில இன்னும் நாலு வருசம் இருக்க வேண்டியது, போன வருசமே மாலையப் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

படத்துக்குக் கீழே அவள் ஒட்டியிருந்த அட்டையை மாமா எழுத்துக்கூட்டிப் படித்தார். 'மடிக்குழந்தைக்கு வயது ஏழாம். இரண்டு நாடுகளை ஏமாற்றிய ஒரு பொய்.'

"சொந்தத் தாத்தான்னு பாத்தா நான் சட்டம் பேச முடியுமா மாமா? ஊருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?"

"பேசு தாயி. பொய்யின்னே எழுதிக்க. எங்கப்பன் களவாணின்னுகூட எழுதிக்க." மாமாவின் குரல் உடைந்தது. "ஒங்கம்மா வாரதுக்குள்ள மட்டும் வெரசா கழட்டிப்புடு. அது இதப் பாக்கக் கூடாது. ஒங்கால்ல வேணாலும் விழுறேன்."

லாவண்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாய்மாமன் பேசுகிற பேச்சா இது! பாவமாகத்தான் இருந்தது. அப்பன் செய்த தப்பு தங்கச்சிக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று இவ்வளவு தவிப்பா?

"ரெண்டு பேரும் காலங்காத்தால என்ன சண்டை?"

பிளாஸ்கும் கையுமாக ராஜேஸ்வரி வந்துவிட்டாள்.

மாமா ஓடிப்போய்ப் படத்தை மறைத்துக்கொண்டு நின்றார். கதவு உயரப் படத்தை ஒற்றை ஆள் எப்படி மறைப்பது? ராஜேஸ்வரி அவரை மெல்ல ஒதுக்கிவிட்டுப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மடியிலிருந்த குழந்தையின் கன்னத்தை விரலால் தொட்டாள். அப்புறம் குனிந்து மகள் எழுதிய அட்டையைப் படித்தாள்.

"ஏழு வயசுதான்டி, ராஜேஸ்வரிக்கு. பேப்பர்ல சரியாத்தான் இருக்கு."

"அம்மா, நீ எப்படி..."

"நான் இல்ல. நெசமான ராஜேஸ்வரி. கப்பலுக்கு ஒரு மாசம் இருக்கையில, இந்தப் போட்டோ எடுக்குறதுக்கு முந்தியே காய்ச்சல்ல போயிருச்சு. இந்த விரல் சூப்புற கழுத தோட்டத்துல பக்கத்து லயத்து வீட்டுப் புள்ள. மண்ணு சரிஞ்சு ஆத்தா அப்பன் ரெண்டு பேரையும் மூடிருச்சு. இதோட பேரு எந்த நாட்டுப் பட்டியல்லயும் இல்ல. விட்டுட்டு வர மனசில்லாம, செத்த மகளோட பேர இதுக்கு வெச்சுத் தூக்கிட்டு வந்துட்டாரு எங்கப்பா."

மாமா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒனக்கு... ஒனக்கு யாரு சொன்னது ஆத்தா?"

"கல்யாணத்துக்கு மொத நாளு அம்மா சொல்லுச்சு. 'ஒனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அண்ணன் தாங்க மாட்டான், காட்டிக்காத'ன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு."

"என்கிட்டயும் வாங்குச்சே! ஒனக்குத் தெரியவே கூடாதுன்னு..."

அறுபத்து மூன்று வயசு மனுஷர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார்.

"பாருடி ஒங்க மாமன. அன்னைக்கும் மூக்கு ஒழுகுச்சு, இன்னைக்கும் ஒழுகுது," என்று சிரித்த ராஜேஸ்வரியின் கண்ணும் நிறைந்திருந்தது. அண்ணனுக்கு டம்ளரில் காபியை ஊற்றி நீட்டினாள்.

லாவண்யா அந்த அட்டையைப் பிய்க்கப் போனாள்.

"இருக்கட்டும், பிய்க்காத. பொய் பொய்தானே?" என்றாள் ராஜேஸ்வரி. "அதுக்குக் கீழ இன்னும் ஒரு வரி மட்டும் சேத்து எழுதிரு. அந்தப் பொய்ய மட்டும் அவரு சொல்லாம இருந்திருந்தா, இங்க நின்னு சட்டம் பேச நீ ஏதுடி?"