புறநகரின் முதல் தெரு

வேலைக்குச் சேர்ந்த அன்றே பெயர் வாங்கிவிடத் துடித்த வழிகாட்டி, சுற்றுலாக் கூட்டத்தை வீட்டுக்குள்ளே அழைத்து வந்து பேச்சை அவிழ்த்துவிட்டார்.

"நூறு வருஷத்துக்கு முன்னாடி ஊருக்கு வெளியே கட்டின முதல் குடியிருப்பு இது. தெரு முழுக்க ஒரே பிளான், ஒரே வளைவு வாசல். இந்த ஒரு வீட்டை மட்டும் அருங்காட்சியகமா ஆக்கி, அந்தக் காலத்துக் குடும்ப வாழ்க்கையை அப்படியே காட்டறோம்."

"சாய்வு நாற்காலியில யாருங்க?" என்று கேட்டாள் ஒரு பெண்.

"மெழுகு பொம்மைம்மா. அப்பல்லாம் ஆம்பளைங்க ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட மாட்டாங்க. இப்படித்தான் காலை நீட்டிக் கிடப்பாங்க."

ஈரக் கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள்.

"அருங்காட்சியகம் பக்கத்து வீடு சார். எல்லாரும் இப்படித்தான் மாறி வந்துடறாங்க."

வழிகாட்டி அசடு வழிந்தார். "அப்போ... இந்தப் பொம்மை?"

நாற்காலியிலிருந்து குறட்டை கிளம்பியது.

"என் வீட்டுக்காரர். ஆம்பளைங்களைப் பத்திச் சொன்னீங்களே, அதை மட்டும் இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க. அவர் காதுலயும் விழட்டும்!"