பதினோராம் நாள் வாசனை

சலேஹா அன்றைக்குச் சவுக்காரச் சட்டியில் ரோஜா அத்தரை மூன்று சொட்டு கூடுதலாகவே விட்டுவிட்டாள். டத்தோ கிராமாட்டில் கிளம்பிய அந்த வாசனை டிக்கெட் வாங்காமல் ஃபெரி ஏறி, அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பியதாகப் பிற்பாடு சொன்னார்கள். நம்பாமலிருக்கக் காரணமில்லை.

பக்கத்து வீட்டு ஜன்னத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். சிக்கந்தர் ரங்கூனில் காய்ச்சலில் மவுத்தாகிவிட்டதாகத் தந்தி வந்து அன்றோடு பதினோரு நாள்.

"இத்தா இருக்க வேண்டியவ அத்தர் ஊத்துறியே, புள்ள. புருசன் போனா நாலு மாசம் பத்து நாள் வாசன ஆகாதுன்னு தெரியாதா?"

சலேஹா சட்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். கிண்டுவதை நிறுத்தினால் சவுக்காரம் கட்டி தட்டிவிடும்.

அது புதுச் சவுக்காரமும் அல்ல. ஏழு மாதத்துக்கு முன் ரங்கூனிலிருந்து கடிதம் வந்தது. நடமாட்டமில்லாமல் கட்டிலில் கிடந்த ஹபீபா பீவி, மகன் சிக்கந்தர் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது. சலேஹா வாய்க்குள்ளேயே வாசித்துவிட்டு, "சுகமா இருக்காராம், மாமி" என்று மடித்து வைத்தாள். மறுவாரமே தேங்காயெண்ணெய் வாங்கிச் சவுக்காரம் காய்ச்சத் தொடங்கினாள்.

முதல் மூன்று மாதம் காய்ச்சியதில் ஒரு சொட்டு வாசனை இல்லை. வாங்கிய ஒரே ஆள் குதிரைவண்டிக்காரன். குதிரை அந்தக் கட்டியை ஒரு தரம் முகர்ந்துவிட்டுப் பிறகு அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டதாம். மீதி கட்டிலடியில் குவிந்தது.

பிறகுதான் அதைத் துருவி, தண்ணீர் தெளித்து, வெந்நீர்ச் சட்டிமேல் உருக்கி, வெட்டிவேர்ப் பொடியும் பண்டான் இலைச் சாறும் அத்தரும் சேர்த்து மறுபடி வார்க்க ஆரம்பித்தாள். அது விற்றது, வீட்டில் உலை ஏறியது. சலேஹா பசாருக்குப் போயிருந்த ஒரு நாள், ரங்கூனில் சிக்கந்தரோடு வேலை பார்த்துக் கப்பலில் வந்திறங்கிய இஸ்மாயில் கட்டிலருகே வெகுநேரம் பேசிவிட்டுப் போனான். மற்றபடி ஹபீபா பீவிக்குத் துணை சலேஹாதான். தூக்கிக் குளிப்பாட்டுவதும் அவள்தான்.

அசர் தொழுகை முடிந்த கையோடு ஜமாஅத் பெரியவர் ஹனீபாவை ஜன்னத் அழைத்து வந்துவிட்டாள். சவுக்காரச் சட்டியை இன்றே கவிழ்க்க வேண்டும்; இல்லையென்றால் நாளைக்குக் கெப்பாலா பத்தாஸிலுள்ள அண்ணன் வீட்டுக்கு அவளை அனுப்பிவிடுவது என்றார். இத்தாவில் இருப்பவள் வீடு தாண்டக் கூடாதே என்று ஜன்னத்தே இழுத்தாள். இத்தாவையே மதிக்காதவளுக்கு அது எதற்கு என்று கேட்டார். ஹபீபா பீவியை ஜமாஅத் பார்த்துக்கொள்ளும் என்றார். ஜமாஅத்தில் யார் தூக்கிக் குளிப்பாட்டுவார் என்பதைச் சொல்லவில்லை.

"ஒரு வார்த்த சொல்லும்மா. எதுக்கு இப்படிச் செய்யிற?" என்றார் ஹனீபா.

சலேஹா வாயைத் திறந்தாள். கட்டில் பக்கம் பார்த்தாள். மூடிக்கொண்டாள். கண்ணீர் சட்டிக்குள் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உப்புப் பட்டால் சவுக்காரம் திரிந்துவிடும்.

உங்கள் மருமகளுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்கள் என்று ஹனீபா கட்டிலைப் பார்த்துச் சொன்னார்.

ஹபீபா பீவி தலையணையில் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"அவ என் மருமவ இல்ல, தம்பி."

ஜன்னத் தலையாட்டினாள். சலேஹாவின் கையில் அகப்பை நின்றுவிட்டது.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இங்கேயே கெடக்குறா. என் மவன் அவளத் தலாக் சொல்லி ஏழு மாசமாச்சு. அதுக்கான மூணு மாச இத்தாவ அவ எப்பவோ இருந்து முடிச்சுட்டா."