மூடி வைத்த காபி
கழிவுநீர் நிலையத்தின் பக்கமிருந்துதான் இன்று காற்று வீசுகிறது. தெருக்கோடியில் கண்களை மூடி நிற்கிறாள் மோப்பக்காரி. தெரு அவளுக்கு வைத்த பெயர் அது. எங்கே நாறுகிறது, எவ்வளவு நாறுகிறது என்று மூக்கால் பார்த்துச் சொல்வதுதான் உத்தியோகம். அதனால் காலையில் பவுடர் கிடையாது, வாசனை சோப்பு கிடையாது, வேலை முடியும்வரை காபியும் கிடையாது. எதிர் வீட்டு வாசலில் தையல்கார அக்கா. நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலையே திறக்காத வீடு. "மூக்கை வச்சுக்கிட்டு என்னத்தக் கிழிச்சே?" என்று போன கோடையில் இவளைக் காய்ச்சி எடுத்தவர். அந்த ஏச்சை வாங்கிக்கொண்டு போய் இவள் விடாமல் நச்சரித்த பிறகுதான் நிலையத்தில் பெரிய தொட்டிகளுக்கு மூடி போட்டார்கள். இன்று அக்காவின் கையில் ஒரு டம்ளர். அதன்மேல் தட்டு, தட்டின்மேல் உள்ளங்கை. ஆவிகூட இவள் பக்கம் போய்விடக் கூடாதென்று சுவரோரம் ஒதுங்கி நிற்கிறார்.

"ஏதாச்சும் வருதாம்மா?"

"கொஞ்சம் பொறுங்கக்கா."

இன்னொரு மூச்சு. கொடியில் ஈரத்துணி, வெயில் ஏறும் சுவர், எங்கேயோ வதங்கும் வெங்காயம். நம்பாமல் மறுபடியும் இழுத்துப் பார்க்கிறாள்.

"ஒண்ணும் வரலக்கா. யாரு வீட்லயோ வெங்காயம் வதங்குது, அவ்வளவுதான்."

அக்கா திரும்பி, இறுகிப்போன ஜன்னலை ஒற்றைக் கையால் ஓங்கித் தள்ளித் திறக்கிறார். பிறகு வந்து, "இப்பக் குடிக்கலாம்ல?" என்று தட்டை எடுக்கிறார். மோப்பக்காரி குடிக்கவில்லை. வேலை முடிந்த பிறகும், டம்ளரை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்மூடி நிற்கிறாள்.